வாசகர் கேள்வி-பதில்: விண்டோஸுக்குள் இருக்கும் ஜெட் இன்ஜினும் அதன் பாதுகாப்பு ஓட்டைகளும்

விண்டோஸின் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் பட்டியலைக் கவனிப்பவர்களுக்கு ‘ஜெட் டேட்டாபேஸ் இன்ஜின்’ என்ற பெயர் புதியதல்ல. தரவுத்தளக் கோப்புகளைத் திறந்து படிக்கவும் எழுதவும் உதவும் உட்கூறு அது. தொலைவில் இருக்கும் ஒருவர் நம் கணினியில் தம்முடைய நிரலை இயக்க இடமளிக்கும் ஓட்டைகள் இந்த இன்ஜினில் பல ஆண்டுகளாகக் கண்டுபிடிக்கப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறோம்.

கேள்வி: என் கணினியில் அக்ஸஸ் உட்பட எந்தத் தரவுத்தள மென்பொருளையும் நான் நிறுவவில்லை. அப்படியிருக்க, தரவுத்தளக் கூறில் ஓட்டை இருப்பதாகச் சொல்லி வரும் அப்டேட் எனக்கு எதற்கு?

பதில்: உங்களுக்கும் அது கட்டாயம் தேவை. ஜெட் இன்ஜின் 1992இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் அக்ஸஸின் முதல் பதிப்போடு சேர்ந்து பிறந்தது. பின்னர் அது அக்ஸஸுக்கு மட்டும் உரியதாக நிற்கவில்லை. விண்டோஸ் 2000இலிருந்து இயங்குதளத்தோடு சேர்த்தே அது தரப்படுகிறது. ஆகவே நீங்கள் எதையும் நிறுவாவிட்டாலும், விண்டோஸை நிறுவிய அன்றே அந்த இன்ஜினும் உங்கள் வட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. 64 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்கள், விண்டோஸ் கோப்புறைக்குள் 32 பிட் மென்பொருள்களுக்கென இருக்கும் ‘சிஸ்வாவ்64’ என்ற உட்கோப்புறையைத் திறந்து, ‘எம்எஸ்ஜெட்40.டிஎல்எல்’ என்ற கோப்பைத் தேடிப் பார்க்கலாம்.

அக்ஸஸ் 2007இலிருந்து ஆஃபீஸ் தொகுப்பு ‘ஏஸ்’ என்ற வேறு இன்ஜினுக்கு மாறிவிட்டது. ஆனால் பழைய மென்பொருள்கள் ஜெட்டை நம்பி இயங்குவதால், மைக்ரோசாஃப்ட் அதை விண்டோஸிலிருந்து நீக்காமல் பராமரித்து வருகிறது. இந்த அமைப்பில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெரும்பாலான வீட்டுப் பயனர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூட அறிந்து பயன்படுத்தாத ஒரு கூறு, எந்த மென்பொருள் கூப்பிட்டாலும் ஓடிவந்து கோப்பைத் திறக்கும் நிலையில் எல்லாக் கணினிகளிலும் காத்திருக்கிறது. தேவைப்படுபவர் மட்டும் இயக்கிக்கொள்ளும்படி, தொடக்கத்தில் அது முடக்கிவைக்கப்பட்டிருப்பதுதான் முறையாக இருக்கும்.

கேள்வி: கணினி அறிவியல் படிக்கும் மாணவி நான். ஒரு தரவுத்தளக் கோப்பு என்பது வெறும் தகவல்தானே? அதைத் திறப்பதால் வேறொருவரின் நிரல் எப்படி இயங்க முடியும்?

பதில்: இந்த வகை ஓட்டைகளின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஜெட் கோப்பு ஒன்று சம அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஜெட் 4 வடிவத்தில் ஒரு பக்கம் 4,096 பைட் கொண்டது. இந்தப் பக்கங்களில் நாம் பதிவுசெய்த பெயர்களும் தொகைகளும் மட்டும் இருப்பதில்லை. இந்த அட்டவணையில் எத்தனை நெடுவரிசைகள், எத்தனை இண்டெக்ஸ்கள் (விரைவாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற பட்டியல்கள்), அடுத்த பகுதி எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்பன போன்ற, இன்ஜினுக்கே வழிகாட்டும் எண்களும் அதே கோப்பில் எழுதப்பட்டிருக்கும். கோப்பைத் திறக்கும்போது இன்ஜின் அந்த எண்களைப் படித்து, அவற்றின்படி நினைவகத்தில் இடம் ஒதுக்கி, அந்த இடத்தில் விவரங்களை நிரப்பும்.

ஒரு சிறு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் 32 இண்டெக்ஸ்களுக்குப் போதுமான இடத்தை நினைவகத்தில் ஒதுக்கியிருக்கிறது. கோப்பைத் தயாரித்தவர் ஓரிடத்தில் இண்டெக்ஸ் எண் 200 என்று வேண்டுமென்றே எழுதி வைத்திருக்கிறார். இன்ஜின் இந்த எண் 32க்குள் இருக்கிறதா என்று சரிபார்த்தால் ‘கோப்பு பழுதாகியிருக்கிறது’ என்று சொல்லி நின்றுவிடும். தீங்கு ஒன்றும் நேராது. சரிபார்க்காவிட்டால், ஒதுக்கிய இடத்தின் தொடக்கத்திலிருந்து 200ஆவது இடம் எதுவோ அங்கே போய் எழுதும். அந்த இடம் இன்ஜினுக்கு உரியதல்ல. அங்கே வேறொரு பொருளின் விவரம் இருக்கலாம். ‘அடுத்து இயக்க வேண்டிய நிரல் இந்த முகவரியில் இருக்கிறது’ என்று காட்டும் சுட்டியும் இருக்கலாம். அந்தச் சுட்டியின் மேல் எதை எழுதுவது என்பதையும் கோப்பைத் தயாரித்தவரே தீர்மானிக்க முடிந்துவிட்டால், மென்பொருள் அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்பது அவருடைய முடிவாகிவிடுகிறது. தகவலாக உள்ளே வந்தது கட்டளையாக மாறுவது இந்தப் புள்ளியில்தான்.

2018இல் பெரிதாகப் பேசப்பட்ட சிவிஇ-2018-8423 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்) என்ற ஜெட் ஓட்டை இந்த வகையைச் சேர்ந்ததுதான். இண்டெக்ஸ்களைக் கையாளும் பகுதியில், ஒதுக்கப்பட்ட எல்லையைத் தாண்டி எழுதும் பிழை அது. 

இன்றைய விண்டோஸில் இதைத் தடுக்கும் அரண்கள் உண்டு. தகவல் பகுதியில் உள்ள எதையும் நிரலாக இயக்க விடாமல் தடுப்பது ஒன்று. நிரல் பகுதிகளை நினைவகத்தில் எதிர்பாராத முகவரிகளில் கலைத்து அமர்த்துவது மற்றொன்று. இவை தாக்குபவரின் வேலையைக் கடினமாக்குகின்றன, ஆனால் முடியாததாக்குவதில்லை. அத்துடன் ஜெட் 32 பிட் இன்ஜின் என்பதால், முகவரிகளைக் கலைத்துப்போடக் கிடைக்கும் பரப்பு 64 பிட் மென்பொருள்களுக்குக் கிடைப்பதைவிட மிகக் குறைவு. ஆகவே இரண்டாவது அரண் இங்கே சற்று வலுக் குன்றித்தான் நிற்கிறது.

கேள்வி: கோப்பை நானே திறந்தால்தான் தாக்குதல் நடக்கும் என்கிறார்கள். பிறகு ஏன் இதைத் தொலைவிலிருந்து நடக்கும் தாக்குதல் என்கிறார்கள்? பயத்தைக் கூட்டிச் சொல்கிறார்களா?

பதில்: தாக்குபவர் உங்கள் கணினியின் முன் வந்து உட்கார வேண்டியதில்லை, உங்கள் கணினியில் அவருக்குக் கணக்கும் தேவையில்லை என்பதைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. கோப்பு மின்னஞ்சலிலோ பதிவிறக்கத்திலோ வருகிறது. அதைப் படிக்கும் வேலை உங்கள் கணினியில் நடக்கிறது. பாதிப்பின் கடுமையைக் கணக்கிடும் சிவிஎஸ்எஸ் முறையிலும் இந்த ஓட்டைகள் உள்ளூர்த் தாக்குதல் வழி கொண்டவை, பயனரின் செயல் தேவைப்படுபவை என்றே குறிக்கப்படுகின்றன. அப்படியிருந்தும் 10க்கு 7.8 என்ற மதிப்பெண் கிடைப்பதற்குக் காரணம், தாக்குதல் பலித்துவிட்டால் தகவல் கசிவு, தகவல் மாற்றம், செயல் முடக்கம் ஆகிய மூன்றும் உச்ச அளவில் நேரக்கூடும் என்பதே.

பயனர் எதையும் தொடாமலே பரவக்கூடிய ஓட்டைகள் தனி வகை. 2003 ஜனவரி 25 அன்று பரவிய எஸ்கியூஎல் ஸ்லாமர் என்ற கணினிப் புழு அதற்குச் சான்று. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளிலிருந்த ஓட்டையைப் பயன்படுத்திய அந்தப் புழுவின் மொத்த அளவு 376 பைட்தான். யுடிபி 1434 என்ற போர்ட்டுக்கு ஒரே ஒரு பாக்கெட் வந்து சேர்ந்தால் போதும். கணினி அதன் வசமாகிவிடும். பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தைப் பத்து நிமிடங்களுக்குள் அது பிடித்துவிட்டது. குறைந்தது 75,000 கணினிகள் சிக்கின. அதற்கான பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) 2002 ஜூலையிலேயே வெளிவந்திருந்தது என்பதுதான் இதில் மிகுந்த வேதனை தருவது. எஸ்கியூஎல் சர்வரின் சிறு வடிவமான எம்எஸ்டிஇ வேறு பல மென்பொருள்களுக்குள் உறுப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அதனால் தங்களிடம் அப்படி ஒரு சர்வர் இயங்குகிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்கு எப்படிப் பேட்ச் போடுவார்கள்?

ஜெட் ஓட்டைகள் அந்த வேகத்தில் தாமாகப் பரவக்கூடியவை அல்ல. இருந்தாலும், ‘என்னிடம் அது இல்லை’ என்ற அதே எண்ணம் இங்கேயும் மக்களைத் தவறான நம்பிக்கையில் வைத்திருக்கிறது.

கேள்வி: எங்கள் அலுவலக மின்னஞ்சல், ‘எம்டிபி’ என்று பெயர் முடியும் ஜெட் தரவுத்தளக் கோப்புகள் இணைப்பாக வந்தால் தானாகவே தடுத்துவிடுகிறது. அது போதாதா?

பதில்: நல்ல தடுப்புதான், அதை நீக்கிவிட வேண்டாம். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை 2008ஆம் ஆண்டே காட்டிவிட்டது.

ஜெட் இன்ஜினின் ஓட்டைகள் அதற்கு முன்பே பொதுவெளியில் பேசப்பட்டிருந்தன. ஆனால் ‘எம்டிபி’ கோப்பே பாதுகாப்பற்ற கோப்பு வகை, அதற்குள் நிரலையே வைக்க முடியும், ஆகவே முன்பின் தெரியாதவரிடமிருந்து வருவதைத் திறக்கக் கூடாது என்பதுதான் மைக்ரோசாஃப்டின் நிலைப்பாடாக இருந்தது. அவுட்லுக் அந்தக் கோப்புகளைத் தடுத்துவந்ததால் இன்ஜினுக்குள் இருந்த பிழையைத் திருத்துவதில் அவசரம் காட்டப்படவில்லை. 2008 மார்ச்சில் தாக்குபவர்கள் ஒரு சுற்றுவழியைக் கண்டுபிடித்திருந்தது வெளிப்பட்டது. அவர்கள் அனுப்பியது வேர்ட் ஆவணம். அந்த ஆவணத்தைத் திறந்ததும் வேர்ட் தானே ஜெட் இன்ஜினை அழைத்து, கூடவே வந்த தரவுத்தளக் கோப்பைத் திறக்கச் செய்தது. மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சில் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டு, மே 13 அன்று எம்எஸ்08-028 என்ற எண்ணில் திருத்தம் தந்தது.

கோப்பின் பெயரில் கடைசியில் உள்ள எழுத்துகளை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், உள்ளடக்கம் மாறாது. ஏதேனும் ஒரு பழைய எம்டிபி கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்களை அப்படியே காட்டும் மென்பொருள்) திறந்து பாருங்கள். முதல் நான்கு பைட்களை அடுத்து ‘ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி’ என்ற சொற்கள் ஆங்கில எழுத்துகளில் அப்படியே தெரியும். அந்தக் கோப்புக்கு ‘டாக்’ என்றோ வேறு எதுவென்றோ பெயர் மாற்றிய பிறகு மீண்டும் திறந்தால், அதே இடத்தில் அதே சொற்கள் இருக்கும். எனவே மின்னஞ்சல் வடிகட்டி பெயரை மட்டும் பார்க்கிறதா, தொடக்கப் பைட்களையும் பார்க்கிறதா என்று உங்கள் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த 2008 நிகழ்விலிருந்து மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். விண்டோஸ் 2000, எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, சர்வர் 2003 சர்வீஸ் பேக் 1 ஆகியவை பாதிக்கப்பட்டன. விஸ்டாவும் சர்வர் 2003 சர்வீஸ் பேக் 2உம் பாதிக்கப்படவில்லை, ஏனென்றால் அவற்றில் ஓட்டை இல்லாத புதிய ஜெட் பதிப்பு ஏற்கெனவே இருந்தது. திருத்தப்பட்ட இன்ஜின் கையில் இருந்தும் பழைய இயங்குதளங்களுக்கு அது உடனே போய்ச் சேரவில்லை. ஒரு கோப்பு வகையை ‘ஆபத்தானது’ என்று அறிவித்துவிடுவது அதைப் படிக்கும் நிரலைச் சரிசெய்வதற்கு ஈடாகாது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

கேள்வி: பேட்ச் வெளிவருவதற்கு முன்பே ஓட்டையின் விவரங்களை வெளியிடுவது பொறுப்பற்ற செயல் அல்லவா? 2018இல் ஜெட் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது என்று படித்தேன்.

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் இதை வேறு விதமாக மதிப்பிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

டிரெண்ட் மைக்ரோ நிறுவனத்தின் ஜீரோ டே இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு, 2018 மே மாதத் தொடக்கத்தில் இந்த ஓட்டையை மைக்ரோசாஃப்டுக்குத் தனிப்பட்ட முறையில் தெரிவித்தது. அந்த அமைப்பின் விதிப்படி மென்பொருள் நிறுவனத்துக்கு 120 நாள் அவகாசம் உண்டு. மைக்ரோசாஃப்ட் பிழையை உறுதிசெய்து திருத்தம் தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் செப்டம்பரில் அந்தத் திருத்தத்திலேயே சிக்கல் இருப்பதாகத் தெரிவித்தது. அந்த மாத அப்டேட்டில் ஜெட்டின் வேறு இரு பிழைகள் சரிசெய்யப்பட்டன, இது மட்டும் விடுபட்டது. அவகாசம் முடிந்த பின், செப்டம்பர் 20 அன்று ஜீரோ டே இனிஷியேட்டிவ் விவரங்களை வெளியிட்டது. ஓட்டை இருப்பதை மெய்ப்பிக்கும் சிறு மாதிரி நிரலும் அதனுடன் வெளியானது.

ஸ்லோவேனியாவைச் சேர்ந்த ஆக்ரோஸ் செக்யூரிட்டி நிறுவனம் தன்னுடைய ஜீரோபேட்ச் சேவையின் வழியே, ஒரு நாளுக்குள் தற்காலிகத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. கோப்பை மாற்றாமல், இயங்கும் நிரலின் நினைவகத்தில் சில கட்டளைகளை மட்டும் மாற்றிவைக்கும் நுண்திருத்தம் அது. அக்டோபர் 9 அன்று மைக்ரோசாஃப்டின் அதிகாரபூர்வ பேட்ச் வந்தது. ஜீரோபேட்ச் குழுவினர் அதைப் பிரித்துப் பார்த்தபோது ஓட்டை முழுவதுமாக அடைக்கப்படவில்லை, சுருக்கப்பட்டிருக்கிறது என்று கண்டறிந்து மைக்ரோசாஃப்டுக்குத் தெரிவித்தார்கள். முழுமையான திருத்தம் சிவிஇ-2019-0579 என்ற புதிய எண்ணில் 2019 ஜனவரியில்தான் கிடைத்தது.

விவரங்கள் வெளியாகாமல் இருந்திருந்தால், அரைகுறைத் திருத்தத்தை வெளியிலிருந்து ஒருவர் உடனே சோதித்துப் பார்த்திருப்பாரா என்பது ஐயமே. காலக்கெடு இல்லாத காலத்தில் ஓட்டைகள் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடப்பட்டன. காலக்கெடு என்ற ஒன்று வந்த பிறகுதான் திருத்தங்கள் வேகமெடுத்தன. மாதிரி நிரலையும் அதே நாளில் வெளியிட வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பேட்ச் வரும் வரையிலாவது அதை நிறுத்திவைத்து, எந்தக் கோப்பு, எந்தக் கூறு, எப்படித் தற்காத்துக்கொள்வது என்பதை மட்டும் சொல்லியிருந்தால் பயனர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் 120 நாள் கழித்தும் மௌனமாக இருப்பது பயனர்களுக்குச் செய்யும் துரோகம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரு ஓட்டையை முதலில் கண்டவர் நல்லெண்ணம் கொண்டவர்தான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. வேறொருவர் அதற்கு முன்பே கண்டுபிடித்து, வெளியே சொல்லாமல் பயன்படுத்திக்கொண்டிருக்கக்கூடும்.

கேள்வி: நல்ல ஆன்டிவைரஸ் இருந்தால் அப்டேட்டைத் தள்ளிப்போடலாமா?

பதில்: கூடாது. ஆன்டிவைரஸ் பெரும்பாலும் தனக்குத் தெரிந்த தாக்குதலின் சாயலைத் தேடுகிறது; பேட்ச் அந்தத் தாக்குதலுக்கு இடமளித்த பிழையையே நீக்குகிறது. முதலாவது இரண்டாவதுக்கு மாற்றாகாது.

கேள்வி: எங்கள் சிறு நிறுவனம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ‘எம்டிபி’ கோப்பில்தான் எல்லாவற்றையும் சேமிக்கிறது. தயாரித்தவர் இப்போது தொடர்பில் இல்லை. அந்த ஜெட் டிஎல்எல் கோப்பை நீக்கிவிடலாமா, அல்லது மென்பொருளையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: டிஎல்எல் கோப்பை நீக்க வேண்டாம். அது விண்டோஸால் பாதுகாக்கப்படும் கோப்பு. வலிந்து நீக்கினாலும் அடுத்த அப்டேட் அதை மீண்டும் கொண்டுவந்து வைக்க வாய்ப்புண்டு, அதற்குள் உங்கள் கணக்கு மென்பொருள் இயங்காமல் நின்றுவிடும். மென்பொருளை இன்றே கைவிட வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஜெட்டைப் பயன்படுத்துவது ஆபத்தல்ல. வேறொருவர் தயாரித்த கோப்பை ஜெட்டைக் கொண்டு திறப்பதுதான் ஆபத்து. உங்கள் மென்பொருள் உங்கள் கோப்பை மட்டும் திறக்கும் வரை, தாக்குபவர் உள்ளே நுழைய அந்தக் கோப்பையே மாற்றியாக வேண்டும்.

எனவே அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையில் எழுதும் உரிமையைக் கணக்குப் பிரிவினருக்கு மட்டும் கொடுங்கள். நெட்வொர்க்கில் எல்லோரும் எழுதக்கூடிய பொதுக் கோப்புறையில் அது கிடந்தால் இன்றே வேறிடத்துக்கு மாற்றுங்கள். வெளியிலிருந்து வரும் எம்டிபி கோப்புகளை அந்த மென்பொருளின் ‘இம்போர்ட்’ வசதி வழியாக உள்ளே எடுக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிட்டு, சாதாரண எழுத்துக் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். 

அந்தக் கணினியில் அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கைப் பயன்படுத்துவது மிக முக்கியம். இந்த ஓட்டையைப் பயன்படுத்தி நுழையும் நிரலுக்கு, கோப்பைத் திறந்தவருக்கு என்ன உரிமை உண்டோ அதுதான் கிடைக்கும். நிர்வாகியாக உள்நுழைந்து திறந்தால் கணினி முழுவதும் கைமாறும். சாதாரணப் பயனராகத் திறந்தால் அந்தப் பயனர் தொடக்கூடிய அளவோடு சேதம் நிற்கும், அதற்கு மேல் செல்ல இன்னொரு ஓட்டை தேவைப்படும்.

பழைய மென்பொருளுக்காகப் பழைய விண்டோஸையே வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. நீட்டிப்பு ஏற்பாடு எதுவும் இல்லாத அத்தகைய கணினி உங்களிடம் இருந்தால் அதை இணையத்திலிருந்து துண்டித்துவிடுங்கள். மின்னஞ்சல் பார்ப்பதற்கு அதைப் பயன்படுத்தவே வேண்டாம். இதற்கிடையில், கணக்குகளை வேறு மென்பொருளுக்கு மாற்றும் வேலையை ஒரு கால வரையறையோடு தொடங்குங்கள். தயாரித்தவர் தொடர்பில் இல்லாத மென்பொருளில் வணிகத்தின் கணக்கை வைத்திருப்பது, பாதுகாப்பு ஓட்டைகளே இல்லாவிட்டாலும் கவலைக்குரியதுதான்.

கேள்வி: நான் இணையச் செயலிகள் எழுதுபவன். தரவுத்தளக் கோப்பை ‘பயனர் திறப்பது’ என்பது சர்வருக்குப் பொருந்தாதே? சர்வரில் யாரும் உட்கார்ந்து கோப்புகளைத் திறப்பதில்லையே?

பதில்: சர்வரில் உங்கள் செயலிதான் கோப்பைத் திறக்கும் பயனர். பயனர்கள் பதிவேற்றும் எம்டிபி கோப்பையோ பழைய எக்செல் கோப்பையோ உங்கள் நிரல் ஜெட் வழியாகப் படிக்குமானால், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தாம் தயாரித்த கோப்பை உங்கள் இன்ஜினுக்கு ஊட்ட முடியும். அங்கே யாரும் எதையும் சொடுக்க வேண்டியதில்லை.

இதைவிட நுட்பமான வழி ஒன்றும் உண்டு. ஜெட் இன்ஜினிடம் தகவல் கேட்கப் பயன்படும் எஸ்கியூஎல் மொழியில், ஒரு வினவலுக்குள்ளேயே வேறொரு தரவுத்தளக் கோப்பின் பாதையைக் கொடுத்து அதிலுள்ள அட்டவணையைப் படிக்க முடியும். அந்தப் பாதை நெட்வொர்க்கில் வேறொரு கணினியைக் காட்டுவதாகவும் இருக்கலாம். உங்கள் செயலியில், வெளியிலிருந்து வரும் உள்ளீட்டைக் கொண்டு வினவலையே மாற்றிவிடும் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு இடமிருந்தால், தாக்குபவர் தம்முடைய சர்வரில் வைத்துள்ள கோப்பின் பாதையை வினவலில் நுழைத்து, உங்கள் சர்வரையே அதைத் தேடிப்போய்த் திறக்கச் செய்யலாம். இன்ஜெக்‌ஷன் என்றால் அட்டவணையிலுள்ள தகவல்கள் திருடுபோவதோடு முடிந்துவிடும் என்று எண்ணும் நிரலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே அது சர்வரின் கட்டுப்பாட்டையே பறிக்கும் வழியாகிறது.

2021 மே மாதத்தில் சிவிஇ-2021-28455 என்ற ஓட்டையை ஒட்டி, ஜெட்டும் ஏஸும் தொலைவிலுள்ள தரவுத்தளங்களை அணுகுவதைத் தடுக்கும் அமைப்பை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் கொடுத்தது. உங்கள் செயலிக்குத் தொலைவு அட்டவணைகள் தேவையில்லை என்றால் அந்தத் தடையை இயக்கிவையுங்கள். வினவல்களைச் சரம் ஒட்டி உருவாக்காமல் அளவுருக்கள் வழியாக அனுப்புங்கள். சர்வரிலிருந்து வெளியே செல்லும் கோப்புப் பகிர்வு இணைப்புகளை, குறிப்பாக டிசிபி 445 போர்ட்டை, ஃபயர்வாலில் மூடுங்கள். பதிவேற்றப்பட்ட கோப்புகளைப் படித்தே ஆக வேண்டுமென்றால், அந்த வேலையை மட்டும் செய்யும் தனிச் செயல்முறையை மிகக் குறைந்த உரிமையுள்ள கணக்கில், இணையத் தொடர்பு இல்லாத சூழலில் இயக்குங்கள். இவற்றில் ஒன்றைத்தான் இந்த வாரம் செய்ய முடியும் என்றால், கடைசியாகச் சொன்னதைச் செய்யுங்கள். இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஓட்டைகளிலிருந்தும் அது காக்கும்.

கேள்வி: நான் விண்டோஸ் பயன்படுத்துவதில்லை. இதெல்லாம் எனக்குப் பொருந்தாதுதானே?

பதில்: ஜெட் உங்களிடம் இல்லை, ஆனால் எஸ்கியூலைட் நிச்சயமாக இருக்கும். ஆண்ட்ராய்டு, ஐஃபோன், மேக், லினக்ஸ், பெரும்பாலான பிரவுசர்கள் என எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் தரவுத்தள இன்ஜின் அது. 2018 டிசம்பரில் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பிளேட் குழு, ‘மெகல்லன்’ என்று தாங்கள் பெயரிட்ட ஓட்டைகளை அதில் கண்டறிந்து அறிவித்தது. குரோம் போன்ற பிரவுசர்கள் இணையப் பக்கங்களுக்கு எஸ்கியூலைட்டைப் பயன்படுத்த இடமளித்திருந்ததால், தீய பக்கம் ஒன்றைப் பார்வையிடுவதே தாக்குதலுக்குப் போதுமானதாக இருந்தது. குரோம் 71இலும் எஸ்கியூலைட் 3.26.0இலும் அதற்குத் திருத்தம் வந்தது. எஸ்கியூலைட் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் மென்பொருள்களில் ஒன்று. அதிலேயே இத்தகைய பிழை தப்பியிருந்தது. ஃபோனாக இருந்தாலும் பிரவுசராக இருந்தாலும் அப்டேட் வந்த வாரத்திலேயே நிறுவிவிடுங்கள்.

கேள்வி: மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியும் (நிறுவனப் பயனர் கணக்குகளை நிர்வகிப்பது) எக்ஸ்சேஞ்சும் (மின்னஞ்சல் சர்வர்) ஜெட்டில்தான் இயங்குகின்றன என்கிறார்களே?

பதில்: அவை பயன்படுத்துவது ‘ஜெட் புளூ’ என்று அழைக்கப்பட்ட இஎஸ்இ என்ற இன்ஜின். இந்தப் பக்கங்களில் நாம் பேசியது ‘ஜெட் ரெட்’. பெயரில் ஒற்றுமை இருந்தாலும் நிரல் வேறு. ஒன்றின் ஓட்டை மற்றொன்றுக்குப் பொருந்தாது.

கேள்வி: அறிமுகமில்லாத ஒருவரிடமிருந்து வந்த கோப்பைத் திறந்துவிட்டேன். ஒரு கணம் ஏதோ திறந்து, உடனே மூடிக்கொண்டது. பிறகு எதுவும் நடக்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: எதுவும் நடக்காதது போலத் தோன்றுவதை வைத்து நிம்மதியடைய வேண்டாம். நினைவகத்தில் எல்லை தாண்டி எழுதும் தாக்குதல் பாதியில் தவறினால், மென்பொருள் இப்படித்தான் திடீரென மூடிக்கொள்ளும். வெற்றி பெற்றாலும் பல நேரங்களில் இதே காட்சிதான் தெரியும். பழுதான கோப்பு ஒன்றினாலும் அப்படி நேரலாம். எது நடந்தது என்பதைத் திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

முதலில் கணினியை இணையத்திலிருந்தும் அலுவலக நெட்வொர்க்கிலிருந்தும் துண்டியுங்கள். அலுவலகக் கணினியாக இருந்தால், அதை அணைக்காமல் அப்படியே வைத்துவிட்டுக் கணினிப் பிரிவினரிடம் உடனே சொல்லுங்கள்; நினைவகத்தில் உள்ள தடயங்கள் அணைத்தவுடன் அழிந்துவிடும். திட்டு விழுமோ என்று மறைப்பதால் இழக்கும் மணிநேரங்கள்தான் தாக்குபவருக்கு வேண்டியவை. வந்த கோப்பையும் மின்னஞ்சலையும் அழிக்க வேண்டாம், மீண்டும் திறக்கவும் வேண்டாம். 

விண்டோஸின் ‘ஈவென்ட் வியூவர்’ என்ற வசதியில் பயன்பாட்டுப் பதிவுகளைத் திறந்து, அந்த நேரத்தில் பதிவான பிழையைப் பாருங்கள். எந்த மென்பொருள் மூடிக்கொண்டது, எந்தக் கூறில் பிழை நேர்ந்தது என்பது அதில் இருக்கும். பிழை நேர்ந்த கூறாக எம்எஸ்ஜெட்40, எம்எஸ்ஆர்டி3எக்ஸ்40 போன்ற பெயர் இருந்தால் ஜெட் இன்ஜின் அழைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பதிவை அப்படியே சேமித்துக் கணினிப் பிரிவினரிடமோ பழுதுபார்ப்பவரிடமோ கொடுங்கள். அந்தக் கணினியில் பயன்படுத்திய மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்தோ ஃபோனிலிருந்தோ மாற்றுங்கள். அந்தக் கணினியில் இருந்துகொண்டே மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் அவர்கள் கைக்குப் போகக்கூடும். நீங்கள் கோப்பைத் திறந்த நாளுக்கு முன்பே ஜெட்டுக்கான அப்டேட் நிறுவப்பட்டிருந்ததா என்பதை விண்டோஸ் அப்டேட் வரலாற்றில் தேதியோடு பார்க்கலாம். நிறுவப்படாமல் இருந்திருந்தால், பேக்கப்பிலிருந்து உங்கள் ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவதே நான் சொல்லக்கூடிய ஆலோசனை.